சிப் பங்கு வாங்கும் முன் கோடவுனைப் பாருங்கள்

2025 டிசம்பரில் ஒரு சாயங்காலம் அண்ணன் மகன் போன் செய்தான். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். "அத்தை, லேப்டாப்புக்குப் போடுற ராம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. தீபாவளிக்கு முன்னாடி வாங்கின விலையைச் சொன்னா டீலர் சிரிக்கிறாரு. கோயம்புத்தூர்ல ரெண்டு பேர்கிட்டயும் இருபது இருபது சொல்லி வச்சிருக்கேன். யார்கிட்ட முதல்ல வருதோ எடுத்துக்கலாம். இவ்வளவு டிமாண்டு இருக்கே, இந்த ராமுக்கு சிப் செய்யுற மைக்ரான் கம்பெனி பங்கு கொஞ்சம் வாங்கிப் போடலாமா?"

அவனுக்கு வேண்டியது இருபது. சொல்லி வைத்தது நாற்பது. இரண்டு டீலரும் அதை மேலே இருக்கிற மொத்த வியாபாரியிடம் நாற்பது என்றுதான் சொல்வார்கள். அவன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இந்த நாற்பதிலேயே இருக்கிறது என்று அன்று அவனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பிறகு பழைய ஆபீஸ் சிநேகிதிகள் இரண்டு பேரும், தங்கை வீட்டுக்காரரும் இதையே கேட்டார்கள். அதனால் முறையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் தேயிலை ஃபேக்டரியில் 27 வருடம் கணக்கு எழுதினேன். விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கி, தூளாக்கி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்பும் ஃபேக்டரி. 2019ல் ஓய்வு பெற்றேன். சிப் கம்பெனிகளின் கணக்கறிக்கையைப் பத்து வருடமாகப் படிக்கிறேன். படிக்கப் படிக்க, நான் ஃபேக்டரியில் எழுதிய பேரேடுதான் அது என்று புரிந்தது. அந்தப் பேரேட்டை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விலை ஏறி இறங்கும் சுழற்சி ஏன் வருகிறது

1998ல் எங்கள் மலையில் பசுந்தேயிலைக்கு நல்ல விலை. உருளைக்கிழங்கும் கோஸும் போட்டிருந்த நிலத்தைக்கூட நிறைய பேர் தேயிலைக்கு மாற்றினார்கள். என் அண்ணனும் டானிங்டன் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கரில் கோஸை எடுத்துவிட்டு நாற்று நட்டார். தேயிலை நட்டால் முதல் கொழுந்துக்கே மூன்று வருடம் ஆகும். ஒழுங்கான வரும்படிக்கு ஐந்து வருடம். இதற்குள் ரஷ்யாக்காரர்கள் நம் தூளை வாங்குவது சுருங்கிவிட்டது. 2000ல் கிலோ கொழுந்து ஐந்து ரூபாய்க்கும் கீழே போனது. பறிக்கிற கூலிக்கே கட்டாது. அந்த விலை எழும் முன்பே, நல்ல விலையைப் பார்த்து நட்ட செடிகள் எல்லாம் ஒன்றாகக் கொழுந்துக்கு வர ஆரம்பித்தன. அண்ணி நகை மூன்று வருடம் பாங்கிலேயே இருந்தது.

சிப் தொழிலில் நடப்பதும் இதேதான். ஒரு புதிய ஆலை கட்டி, இயந்திரம் இறக்கி, உற்பத்தி தொடங்க இரண்டு மூன்று வருடம் ஆகும். முன்னணித் தொழில்நுட்பம் என்றால் செலவு 1,000 கோடி டாலரைத் தாண்டும். ஆலை தயாரான பிறகும், ஒரு சிலிக்கான் வில்லை உள்ளே போய் சிப்பாக வெளியே வர மூன்று மாதத்துக்கு மேல். விலை உச்சத்தில் இருக்கும்போது எடுத்த முடிவின் சரக்கு, விலை விழுந்த பிறகு சந்தைக்கு வருகிறது. அப்போது ஆலையை மூடவும் மனம் வராது. செலவில் பெரும்பகுதி இயந்திரத் தேய்மானம். ஓட்டினாலும் அது உண்டு, நிறுத்தினாலும் உண்டு. அதனால் நஷ்டத்திலும் கொஞ்ச காலம் ஓட்டுவார்கள், விலை இன்னும் விழும்.

இதோடு அண்ணன் மகன் செய்த இரட்டை ஆர்டர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2020லிருந்து 2023 வரை உலகமே பார்த்தது. கொரோனா வந்ததும் கார் கம்பெனிகள் பயந்துபோய் சிப் ஆர்டரை ரத்து செய்தன. வீட்டிலிருந்து வேலை, ஆன்லைன் வகுப்பு என்று லேப்டாப் விற்பனை எகிறியதால், ஆலைகள் அந்த இடத்தை லேப்டாப்காரர்களுக்குக் கொடுத்துவிட்டன. கார் விற்பனை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பியது. கார்க்காரர்கள் திரும்பி வந்து கேட்டபோது வரிசையில் கடைசியில் நின்றார்கள். 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் பனிப்புயலில் ஆஸ்டின் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானில் ரெனசாஸ் கம்பெனியின் நாகா ஆலையில் தீ. 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதம் அளவுக்குத்தான் முடியும் என்று மாருதி அறிவித்தது. எல்லோரும் பயத்தில் வேண்டியதைவிட அதிகமாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஆர்டர் கொடுத்தார்கள். 2022 பாதியில் லேப்டாப், போன் விற்பனை தளர்ந்ததும், அந்த ஆர்டர்களில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பயம் என்று தெரிந்தது. கோடவுன்கள் நிரம்பி வழிந்தன.

எண்களையும் பார்த்துவிடுங்கள். உலக சிப் விற்பனை 2000ல் சுமார் 20,400 கோடி டாலர். 2001ல் 13,900 கோடி. ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. 2018ல் 46,900 கோடி, 2019ல் 41,200 கோடி. 2022ல் 57,400 கோடி, 2023ல் 52,700 கோடி. 2024ல் 62,800 கோடி. ஒவ்வொரு பள்ளத்துக்குப் பிறகும் அடுத்த மேடு முந்தையதைவிட உயரம். இந்தத் தொழில் நீண்ட காலத்தில் வளரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த இடத்தில் ஏறினோம் என்பதைப் பொறுத்து, வளரும் தொழிலிலும் பத்து வருடப் பணம் முடங்கும். 2000 ஜனவரியில் கோயம்புத்தூர் தரகர் ஒருவர் சொல்லி, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் 30,000 ரூபாய் போட்டேன். என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். அடுத்த வருடம் பத்தில் ஒரு பங்குக்கு விற்றேன். அந்த வாரம்தான் அண்ணனும் நகையை மீட்கக் கடன் கேட்டு வந்தார். கொடுக்க என்னிடம் இல்லை.

கையிருப்பு நாள்

நான் பார்க்கும் முதல் எண் இதுதான். ஃபேக்டரியில் தினமும் காலையில் கோடவுன் சாக்குகளை எண்ணி எழுதுவேன். 600 சாக்கு இருக்கிறது, ஒரு நாளைக்கு 20 சாக்கு போகிறது என்றால் 30 நாள் சரக்கு. அது 45 நாளானால் மேனேஜர் மேசைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். ஏலத்தில் விலை இன்னும் விழுந்திருக்காது. ஆனால் விலை போகாமல் திரும்பிய லாட் கூடியிருக்கும். முதலில் விற்காமல் நிற்கும், அப்புறம்தான் விலை இறங்கும். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

சிப் கம்பெனியின் காலாண்டு அறிக்கையில் இதற்கு இரண்டு எண் போதும். இருப்புநிலைக் குறிப்பில் சரக்குக் கையிருப்பு. லாப நஷ்டக் கணக்கில் விற்ற பொருளின் அடக்கச் செலவு. கையிருப்பை அடக்கச் செலவால் வகுத்து 90ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, கையிருப்பு 600 கோடி, அந்தக் காலாண்டின் அடக்கச் செலவு 450 கோடி என்றால் 120 நாள். அடுத்த காலாண்டில் கையிருப்பு 750 கோடி, அடக்கச் செலவு 400 கோடி என்றால் 169 நாள். விற்பனைத் தொகையால் வகுத்துவிடாதீர்கள். விலை ஏறும் காலத்தில் விற்பனைத் தொகை ஊதிப் பெருக்கும், கையிருப்பு குறைந்த மாதிரி காட்டும்.

ஒரு காலாண்டு எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எட்டுக் காலாண்டு எண்ணை வரிசையாக எழுதுங்கள். மைக்ரான் மாதிரி மெமரி சிப் செய்யும் கம்பெனிக்கு 120 நாள் பக்கம் இருந்தால் சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். 2023 தொடக்கத்தில் மைக்ரானின் கையிருப்பு 200 நாளைத் தாண்டியது. பிறகு கையிருப்பை உடைத்துப் பாருங்கள். மூலப்பொருள், செய்முறையில் இருப்பது, தயாரான சரக்கு என்று அறிக்கையின் குறிப்புகளில் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். செய்முறையில் இருப்பது கூடினால் அடுத்த விற்பனைக்குத் தயாராகிறார்கள் என்றும் இருக்கலாம். தயாரான சரக்கு கூடினால் வாங்க ஆள் இல்லை.

இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விலை விழும்போது கம்பெனிகள் கையிருப்பின் மதிப்பைக் குறைத்து எழுதும். 2023 மார்ச் தொடக்கத்தில் முடிந்த காலாண்டில் மைக்ரான் 143 கோடி டாலர் அப்படிக் குறைத்து எழுதியது. அந்தக் காலாண்டில் கையிருப்பும் குறைந்த மாதிரி தெரியும், அடக்கச் செலவும் கூடும். இரண்டும் சேர்ந்து கையிருப்பு நாளைச் செயற்கையாகக் குறைத்துக் காட்டும். அதைவிட முக்கியம், அடுத்து வரும் காலாண்டுகள். 100 ரூபாய்ச் சரக்கை 60 என்று எழுதிவிட்டு, பிறகு 80க்கு விற்றால் புத்தகத்தில் 20 ரூபாய் லாபம். கையிலிருந்து போனது 20 ரூபாய். ஆகவே மீட்சி வந்துவிட்டது என்று லாப விகிதத்தைக் காட்டினால், குறைத்து எழுதிய சரக்கு அதில் எவ்வளவு விற்றது என்று தேடுங்கள். நேர்மையான கம்பெனிகள் அதைத் தனியாகச் சொல்லும். மைக்ரான் சொன்னது.

எந்த வகைச் சிப்

எல்லாச் சிப்பும் ஒரே சுழற்சியில் ஆடுவதில்லை. ராமுக்கான டிராம், தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் என்கிற மெமரி சிப்கள், கடையில் கிடைக்கும் சாதாரண டீத்தூளான சிடிசி மாதிரி. சாம்சங் செய்தாலும், எஸ்கே ஹைனிக்ஸ் செய்தாலும், மைக்ரான் செய்தாலும் வாங்குபவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். விலையைச் சந்தை தீர்மானிக்கும், அதனால் ஆட்டம் அதிகம். டிராமில் இந்த மூன்று கம்பெனிகளும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வைத்திருந்தும் ஆட்டம் நிற்கவில்லை. மைக்ரான் 2022 நிதியாண்டில் 3,076 கோடி டாலருக்கு விற்றது. 2023ல் அது 1,554 கோடி, நஷ்டம் 583 கோடி. 2025ல் 3,738 கோடி. மூன்று வருடத்தில் பாதியாகி, இரட்டிப்புக்கு மேல் ஆகியிருக்கிறது.

டிஎஸ்எம்சி மாதிரி அடுத்தவர் வடிவமைத்ததைச் செய்து கொடுக்கும் ஆலை வேறு ரகம். ஆர்டர் வந்த பிறகுதான் செய்கிறது. ஆட்டம் உண்டு, ஆனால் மட்டுப்பட்டது. காருக்கும் மோட்டாருக்கும் போகும் பழைய ரகச் சிப்களுக்குத் தனிச் சுழற்சி. 2023ல் மெமரி தரையில் கிடந்தபோது அவை இன்னும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. மெமரி எழுந்தபோது இவை விழுந்தன. இயந்திரம் செய்பவர்கள் கடைசி ரகம். மிக நுண்ணிய சிப்களுக்கு வேண்டிய ஈயுவி இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான் உலகத்துக்கே செய்கிறது. ஆலைகள் முதலீட்டைக் கூட்டினால் இவர்களுக்கு விளைச்சல், வெட்டினால் பஞ்சம். பங்கு வாங்குமுன் அது இந்த நாலில் எது என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள்.

நோட்டும் தேதியும்

ஒரு நீளவாக்கு நோட்டு போதும். மாதத்துக்கு ஒரு மணி நேரம்.

ஒன்றாம் தேதி தென்கொரியா போன மாத ஏற்றுமதியை அறிவிக்கும். 11ஆம் தேதியும் 21ஆம் தேதியும் அந்த மாதத்தின் முதல் 10 நாள், 20 நாள் கணக்கு வரும். அதில் சிப் ஏற்றுமதி தனி வரியாக இருக்கும். எனக்குத் தெரிந்து உலக வியாபாரத்தில் இதைவிடச் சீக்கிரம் கிடைக்கும் நிஜ எண் இல்லை. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். சந்திரப் புத்தாண்டு ஒரு வருடம் ஜனவரியிலும் ஒரு வருடம் பிப்ரவரியிலும் வரும். அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பத்தாம் தேதி வாக்கில் டிஎஸ்எம்சி தன் மாத விற்பனையைச் சொல்லும். மாத முதல் வாரத்தில் அமெரிக்காவின் சிப் தொழில் சங்கம் உலக விற்பனை எண்ணை வெளியிடும். அது மூன்று மாதச் சராசரி, அதனால் திருப்பத்தைத் தாமதமாகக் காட்டும். நான் எழுதி வைப்பேன், அதை வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

காலாண்டு முடிவுகளில் முதலில் மைக்ரான். அதன் நிதியாண்டு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம் வாக்கில் முடிவதால் மற்றவர்களுக்கு ஒரு மாதம் முந்தியே வாய் திறக்கும். செப்டம்பர், டிசம்பர், மார்ச், ஜூன் மாதங்களின் பின்பாதியில் எதிர்பார்க்கலாம். விற்பனை, கையிருப்பு நாள், வரும் வருடத்துக்கான மூலதனச் செலவு (ஆலைக்கும் இயந்திரத்துக்கும் போடும் பணம்), இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலதனச் செலவைத் தவறவிடவே கூடாது, அதுதான் நடும் நாற்று. எல்லா மெமரி கம்பெனியும் ஒரே வருடத்தில் அதைக் கூட்டினால் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். எல்லோரும் வெட்டினால் பச்சை வட்டம். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் என் நோட்டில் பச்சை வட்டங்கள் இருக்கின்றன.

மலிவாகத் தெரியும்போது

புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பங்கு விலை, லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, மடங்கு குறைவு என்றால் மலிவு என்று நினைக்கிறார்கள். சோப்பு கம்பெனிக்கு அது சரி. மெமரி கம்பெனிக்கு அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

2018 மே மாதம் மைக்ரான் பங்கு 60 டாலர் பக்கம் இருந்தது. அந்த நிதியாண்டின் லாபம் பங்குக்கு பதினொன்றரை டாலர். ஐந்து மடங்குதான். இதைவிட மலிவு உண்டா என்று எத்தனையோ பேர் வாங்கினார்கள். டிசம்பரில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. லாபம் உச்சத்தில் இருந்ததால்தான் மடங்கு சிறியதாகத் தெரிந்தது. அடுத்து 2022 டிசம்பர். பங்கு 50 டாலர் பக்கம். கம்பெனி நஷ்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது, மடங்கு கணக்கே போட முடியாது. அப்போது வாங்கியவருக்கு, கம்பெனி தன் வரலாற்றில் மோசமான நஷ்டங்களில் ஒன்றைக் காட்டிய அடுத்த ஒரு வருடத்தில் விலை 85 டாலர் பக்கம் போனது.

ஆகவே மெமரி பங்குக்கு நான் புத்தக மதிப்பைப் பார்ப்பேன். பங்கு விலை ஒரு பங்குக்கான நிகர சொத்தைப் போல எத்தனை மடங்கு என்று பத்து வருட வரிசை எழுதினால், எங்கே தரை, எங்கே கூரை என்று ஓரளவு தெரியும். சுழற்சிக்குச் சுழற்சி தரையும் கூரையும் நகரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சந்தை எவ்வளவு முந்திப் பார்க்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி. 2022ல் உலக சிப் விற்பனை அதுவரை இல்லாத உச்சம். அந்த வருடம் அமெரிக்காவில் சிப் பங்குகளுக்கான ஃபிலடெல்ஃபியா குறியீடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2023ல் விற்பனை 8 சதவீதம் குறைந்தது. குறியீடு 60 சதவீதத்துக்கு மேல் ஏறியது. செய்தியில் விற்பனை உச்சம் என்று வரும் நாளில் பங்கு வாங்குபவர், குன்னூரில் விலை ஏறியதைக் கேட்டு நாற்று நடுபவர் நிலைமையில்தான் இருக்கிறார்.

இப்போது எங்கே நிற்கிறோம்

இந்தச் சுற்றில் வாங்குபவர்கள் வேறு. 2025ல் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள், மெட்டா நான்கும் சேர்ந்து மூலதனச் செலவாக 35,000 கோடி டாலருக்கு மேல் இறைத்தன. பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவுக்கான கணினி மையங்களுக்கு. அந்த மையங்களுக்குச் சிப் விற்கும் என்விடியாவின் விற்பனை 2023 ஜனவரியில் முடிந்த வருடத்தில் 2,700 கோடி டாலர். 2025 ஜனவரியில் முடிந்த வருடத்தில் 13,050 கோடி. இதில் காற்று அடைத்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிப்கள் பெட்டியில் தூங்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கின்றன.

அண்ணன் மகன் கடையில் ராம் விலை ஏறியதற்கும் இதுதான் காரணம். என்விடியா சிப்போடு ஒட்டி வைக்கும் எச்பிஎம் என்கிற அடுக்கு மெமரிக்கு, அதே அளவு சாதாரண டிராமைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் வேண்டும். ஆலையின் இடத்தை அது தின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பதுதான் லேப்டாப்புக்கும் போனுக்கும். 2025 டிசம்பரில் மைக்ரான், கடைகளில் விற்கும் தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்தது. கோத்தகிரி வரைக்கும் தட்டுப்பாடு வந்து சேர்ந்த பாதை இது.

எனக்குக் கவலை தருபவை மூன்று. வாங்குபவர்கள் மிகக் குறைவு. நாலு பேரில் இரண்டு பேர் ஒரே காலாண்டில் செலவை நிறுத்தி வைத்தால் போதும். அடுத்தது, விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுப்பது. 2025 செப்டம்பரில் என்விடியா, சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனத்தில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யும் உத்தேசத்தை அறிவித்தது. அந்த நிறுவனம் என்விடியா சிப்களை வாங்கும். எங்கள் பக்கம் ஃபேக்டரிகள் கொழுந்து வரவேண்டும் என்று விவசாயிக்கு அட்வான்ஸ் கொடுப்பது உண்டு. நல்ல வருடத்தில் அதில் தப்பே தெரியாது. கெட்ட வருடத்தில் கொழுந்தும் வராது, அட்வான்ஸும் திரும்பாது. அந்தப் பக்கங்களை நான்தான் வாராக்கடனில் எழுதினேன். மூன்றாவது, நாற்று. மைக்ரான் அமெரிக்காவின் ஐடஹோவில் கட்டும் ஆலையும், எஸ்கே ஹைனிக்ஸ் கொரியாவின் யோங்இன்னில் கட்டும் ஆலையும் 2027ல் உற்பத்திக்கு வரும் திட்டத்தில் இருக்கின்றன.

இதிலிருந்து என் கணிப்பு: 2026 முழுக்க மெமரி லாபம் நன்றாகவே இருக்கும். விலைக்கு ஆபத்து 2027 பின்பாதிக்கு மேல். பங்குகள் அதற்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம் முந்தியே திரும்பலாம். நாலு பெரிய வாங்குபவர்களும் 2027க்கான செலவை இன்னும் கூட்டினால் இந்தத் தேதியைத் தள்ளிப் போடுவேன். வெட்டினால் முன்னால் இழுப்பேன். சுழற்சி திரும்பாமலே அடி விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 ஜனவரி 27 அன்று சீனாவின் டீப்சீக் கம்பெனி குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவு செய்துவிட்டது என்ற செய்தியில் என்விடியா ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. கம்பெனியின் விற்பனை எதுவும் குறையவில்லை.

பணத்தைப் போடும் வழி

நம் ஊரில் டெக் பங்கு என்றால் டிசிஎஸ், இன்ஃபோசிஸ் என்று நினைப்பார்கள். அவை ஆட்களின் உழைப்பை விற்கும் கம்பெனிகள். அமெரிக்க வாடிக்கையாளர் செலவு செய்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி. சிப் கையிருப்பு நாளை வைத்து அவற்றை வாங்காதீர்கள். குஜராத்தின் தோலேராவில் 91,000 கோடி ரூபாயில் ஆலை அமைக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. செமிகண்டக்டர் என்று பெயரில் ஒட்டிக்கொண்டு விலை ஏறும் சின்னக் கம்பெனிகளில், சிப்பிலிருந்து வரும் வருமானம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று அறிக்கையில் தேடுங்கள். பல நேரம் தேடினாலும் கிடைக்காது. அப்போது விலகிவிடலாம்.

வெளிநாட்டுப் பங்கை நேராக வாங்க ரிசர்வ் வங்கியின் திட்டத்தில் ஒருவர் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிப்பார்கள். கணக்குத் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பியே ஆக வேண்டும். அது ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு, நம் ஏப்ரல் கணக்கு இல்லை. மறந்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விழலாம்.

எவ்வளவு போடுவது? தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து செய்வோம். இடுப்பளவுச் செடியை வெட்டிக் குச்சியாக நிறுத்துவோம். சில மாதம் அந்தப் பாத்தியில் ஒரு கொழுந்து கிடைக்காது. அதனால்தான் முழுத் தோட்டத்தையும் யாரும் ஒரே வருடம் கவாத்து செய்வதில்லை. சிப் பங்கில் போடும் பணம் இரண்டு வருடம் குச்சியாக நின்றாலும் வீட்டுச் செலவு நடக்க வேண்டும். என் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதில் வைத்ததில்லை. அதையும் ஆறு தவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு காலாண்டு முடிவாவது படித்த பிறகுதான் போட்டேன். 2022 அக்டோபரிலிருந்து போட்ட ஆறு தவணையில், முதல் இரண்டு போட்ட பிறகும் செய்தி மோசமாகிக்கொண்டே இருந்தது. மூன்றாவதைப் போடும் நாளில் கை நடுங்கியது. கையிருப்பு நாள் கூடுவது நின்றிருந்ததை நோட்டில் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். 2025 நவம்பரிலிருந்து மெமரி பங்கை அதே ஆறு தவணையில் விற்றுக்கொண்டு வருகிறேன். விற்ற பிறகும் விலை ஏறுகிறது. ஏறட்டும்.

அண்ணன் மகனிடம் மைக்ரான் இப்போது வேண்டாம் என்றேன். நோட்டைத் தொடங்கு, ஒரு முழுச் சுற்றைப் பார், பள்ளத்தில் வாங்க இப்போதே மாதம் இரண்டாயிரம் தனியாகச் சேர்த்து வை என்றேன். டீலர் ஒருவரிடம் சொன்ன ஆர்டரை ரத்து செய்யவும் சொன்னேன். முனகினான், ஆனால் செய்தான்.

"அப்போ விலை இறங்கப் போகுதுன்னு எப்படித்தான் அத்தை எனக்குத் தெரியும்?"

"இப்போ நீ டீலருக்கு தினமும் போன் பண்றே. என்னைக்காவது ஒரு நாள் அவரே உனக்குப் போன் பண்ணி, சரக்கு வந்திருக்கு தம்பி, எடுத்துக்கிறியான்னு கேட்பாரு. அன்னிக்கு எனக்கு உடனே கூப்பிடு."

நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் விட்டு, மேலே டீலர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். நேற்று அவன் கடைக்குப் போனபோது, வரவில்லை என்று தலையை ஆட்டினான்.